அப்பாவின் பிரான்சு

கனடாவில் கடையில் வாங்குகிற எந்தப் பெட்டிக்கும் டின்னுக்கும் இரண்டு முகம். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் பிரெஞ்சு. ஊர் உலகத்தில் எல்லோரும் தங்களுக்கு வாசிக்கத் தெரிந்த பக்கம் வெளியே தெரியும்படிதான் அடுக்கி வைப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் குசினியில் சமையல் சாமான் அலுமாரியைத் திறந்தால் ஒரு சொல் புரியாது. நான் வேலைக்குப் போன பிறகு அப்பா ஒவ்வொரு டின்னாக எடுத்துப் பிரெஞ்சுப் பக்கத்தை முன்னுக்குத் திருப்பி வைத்துவிடுவார். எங்கள் வீட்டில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவர் எவருமில்லை, அப்பா உட்பட.

அம்மா பாவம். ஆங்கில எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிக்கப் பழகி, கடலை எது, தக்காளி எது என்று ஒருவழியாகப் பிடித்து வைத்திருந்தார். அந்த முயற்சி முழுவதும் பாழ். ஒரு வெள்ளிக்கிழமை பாயசத்துக்கு டின்பால் என்று நினைத்து அவர் வெட்டித் திறந்தது காளான் சூப். நான் வேலை முடிந்து வந்து பார்த்தபோது சவ்வரிசிக்குள் காளான் மிதந்தது. எனக்கு வந்த கோபத்தில் சாப்பிடாமலேயே கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, எல்லா டின்களையும் ஆங்கிலப் பக்கம் திருப்பினேன். மறுநாள் மாலை வந்து பார்த்தால் திரும்பவும் எல்லாம் பிரெஞ்சு. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால், கண்ணுக்குப் பழகட்டும் என்பார்.

இது தொண்ணூறுகளின் முதற்பாதி. ஸ்காபரோவில், அஜின்கோர்ட் பக்கம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தோம். ஓர் அறையில் நானும் கணவரும், மற்ற அறையில் அப்பாவும் அம்மாவும். அவர்களை யாழ்ப்பாணத்தில் இருந்து ஸ்பொன்சர் பண்ணி எடுத்தது நான். அப்பா ஊரில் வரலாற்று ஆசிரியர். உயர்தர வகுப்புக்கு ஐரோப்பிய வரலாறு படிப்பித்தவர். பிரான்சியப் புரட்சி என்றால் அவரை அடிக்க ஆளில்லை என்று எங்கள் பகுதியில் பெயர். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வந்து யன்னலுக்கு வெளியே நின்று கேட்பார்கள். பாஸ்டில் சிறை உடைகிற பாடத்தன்று அவருடைய சத்தம் பள்ளிக்கூட அதிபரின் அறை வரைக்கும் போகும். இவ்வளவும் படிப்பித்த மனிதர் பிரான்சைக் கண்ணால் கண்டதில்லை. புத்தகத்தில் இருந்த பிரான்சு அவருக்குப் போதுமாக இருந்தது.

எனக்குத்தான் போதுமென்றாகிவிட்டது. மற்ற வீடுகளில் வயதானவர்கள் குளிரைப் பற்றிப் புறுபுறுப்பார்கள், பஸ் பிந்தினால் திட்டுவார்கள், அதைத் தாங்கலாம். எங்கள் வீட்டில் எதைத் தொட்டாலும் பிரான்சு. லிஃப்டில் ஏறினால் பொத்தான்களுக்குப் பக்கத்தில் கண் தெரியாதவர்கள் தடவி வாசிக்கிற புள்ளி எழுத்து இருக்கும். அதைத் தடவிப் பார்த்து, இது ஒரு பிரான்சுக்காரன் உலகத்துக்குக் கொடுத்தது என்பார். அதே லிஃப்ட், அதே புள்ளி, ஒவ்வொரு நாளும் அதே வசனம். 401 நெடுஞ்சாலையில் காரில் போனால் வேகப் பலகையைக் கண்டவுடனே, கிலோமீற்றரைக் கண்டுபிடித்தது யார் என்று பின் சீற்றில் இருந்து கேள்வி வரும். பதில் சொல்லாவிட்டால் தானே சொல்வார். சொன்னாலும் தானே ஒருமுறை சொல்வார்.

டின் மீன் குழம்பு வைத்தால், உணவை அடைத்து அவித்துக் கெடாமல் வைக்கும் யோசனை பிரான்சியப் படைக்காக வந்தது என்பார். தொலைக்காட்சியில் தேர்தல் செய்தி போனால், இடதுசாரி வலதுசாரி என்ற பேச்சே பிரான்சின் சபையில் யார் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்பதை வைத்து வந்தது என்பார். நியூயோர்க் துறைமுகத்தில் நிற்கிற சிலை அமெரிக்கர்கள் செய்தது என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் அன்றைய பொழுது அவ்வளவுதான். குசினி என்ற சொல்லையும் பிரான்சின் கணக்கிலேயே எழுதப் பார்த்தார். அது போர்த்துக்கேயர் விட்டுப்போனது என்று என் கணவர் சொன்னதில் இரண்டு பேருக்கும் முறுகல்.

அப்பாவின் பெரிய மனத்தாங்கல் திருகோணமலை. பிரெஞ்சுக் கப்பற்படை ஒருமுறை திருகோணமலையைப் பிடித்துக் கொஞ்சக் காலம் வைத்திருந்து, பிறகு விட்டுவிட்டுப் போனது. அந்தக் கோட்டையை மட்டும் கையில் வைத்திருந்திருந்தால் எங்கள் தலைவிதியே வேறு என்பார். ஏதோ நேற்று நடந்த காணிப் பிரச்சினை போலப் பெருமூச்சு விடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது என் கணவர் பொறுமையிழந்து, "மாமா, அவங்கள் உவ்வளவு பெரிய ஆக்கள் எண்டால் திருகோணமலை, கியூபெக், இந்தியா எண்டு எல்லா இடமும் ஏன் தோத்தவங்கள்?" என்று கேட்டுவிட்டார். அப்பா கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போனார். சில நாட்கள் மருமகனோடு பேச்சு இல்லை. நடுவில் தூது போன எனக்குத்தான் அரியண்டம்.

இவ்வளவு பிரான்சும் எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். எண்பதுகளின் நடுவில், இளைஞர்கள் வீட்டில் இருக்க முடியாத காலத்தில், அவரை வெளியே அனுப்ப ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்தார்கள். அவன் எங்கள் வீட்டு முன் அறையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, ஜேர்மனிக்கு அனுப்பவா, பிரான்சுக்கு அனுப்பவா, கொஞ்சம் பொறுத்தால் கனடாவும் சரிவரும் என்றான். அம்மா கனடா என்றார், அங்கே சொந்தக்காரர் ஒருவர் இருந்ததால். அப்பா யோசிக்கவேயில்லை. மனித உரிமைப் பிரகடனம் எழுதிய நாடு, மனிதனை மனிதனாக மதிக்கிற நாடு, என் பிள்ளை பிரான்சுக்குத்தான் போகவேண்டும் என்றார். அண்ணன் பிரான்சுக்குப் போனார்.

போனவர் போனவர்தான். பாரிஸில் அவருடைய அகதிக் கோரிக்கையை நிராகரித்தார்கள், அப்பீல் பண்ணினார், அது வருடக்கணக்காக இழுபட்டது. விசா பேப்பர் இல்லாதபடியால் அந்த நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்பி உள்ளே போக முடியாது. ஒரு ரெஸ்ரோரன்ட் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு வெங்காயம் உரிக்கிற இடத்துக்கு உயர்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் கார்ட் ஒன்றை வைத்து நாங்கள் கதைப்போம். அம்மா, சாப்பிட்டாயா என்று கேட்பார். அப்பா ரிசீவரை வாங்கி, பாஸ்டில் சந்திக்குப் போனாயா, மன்னனைக் கொன்ற சதுக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்பார். அண்ணன் நல்ல பிள்ளை. ஓம் அப்பா, போன கிழமையும் அதாலதான் போனனான் என்பார். கார்ட் தீர்ந்துவிடும். எனக்குக் கதைக்க நேரமே மிஞ்சாது.

அப்பா ஏன் இப்படிப் பிரான்சைத் தூக்கிப் பிடிக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. பிரான்சு ஒரு பெரிய நாடாக இருந்தால், பிள்ளையை அங்கே அனுப்பியது சரி. இல்லையென்றால், அம்மா சொன்னதைக் கேட்டிருக்கவேண்டும். அதனால் லிஃப்டிலும் குசினியிலும் 401இலும் பிரான்சைப் பெரிதாக்கிக்கொண்டே இருந்தார். இது தெரிந்த பிறகும் எனக்கு எரிச்சல் ஒரு துளி குறையவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காரணம் தெரிந்தால் மட்டும் சத்தம் குறைந்துவிடுமா?

அண்ணன் வர முடியாது. எனவே யாராவது போகவேண்டும். அப்பா இலங்கைப் பாஸ்போர்ட்டோடு பிரான்சு விசாவுக்குப் போய், கிடைக்காமல் திரும்பி வந்தார். கனடாப் பாஸ்போர்ட் இருந்தால் விசாவே வேண்டாம், ரிக்கெற்றை வாங்கி ஏறவேண்டியதுதான். ஆகவே எல்லாம் குடியுரிமையில் வந்து நின்றது. நான் போகலாம்தான். ஆனால் அண்ணன் ரெலிபோனில் ஒருமுறை, ஒருமுறைதான், அப்பாவையோ அம்மாவையோ ஒருக்கால் பாக்க வேணும்போலை கிடக்கு என்று சொல்லியிருந்தார். அம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு நீதிபதிக்கு முன்னால் போய்ப் பதில் சொல்லவேண்டும் என்று கேட்டதுமே பயம் வந்துவிட்டது. வயது கொஞ்சம் கூடினால் அந்தக் கேள்விகள் இல்லாமலே எடுக்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அதுவரை தான் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டார். ஒருவர் போய்க் கண்ணால் கண்டுவிட்டு வந்து சொன்னால் தனக்குப் போதும் என்றார். மிச்சம் அப்பாதான்.

அப்பாவுக்கென்ன, ஆங்கிலம் தெரியும், வரலாறு தெரியும், சோதனை என்றால் சோறு மாதிரி. எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். நான் மட்டும் பயந்தேன், ஏனென்றால் அவரோடு லிஃப்டில் போய்வருகிறவள் நான். அரசாங்கம் அனுப்பிய சிறு புத்தகத்தை வைத்து வேலைக்குப் போகும் முன் ஒவ்வொரு நாளும் கேள்வி கேட்டேன். தலைநகரம் எது என்றால், தலைநகரம் ஏன் அங்கே வந்தது என்பதில் தொடங்குவார். ஒரு வரி, அப்பா, ஒரே ஒரு வரி என்று கெஞ்சினேன். ஒரு வரியில் பதில் சொல்கிறவனுக்குத் தான் எந்தக் காலத்திலும் சோதனைத் தாளில் புள்ளி போட்டதில்லை என்றார். எனக்கு பஸ் போய்விட்டது.

அந்த நாள் வந்தது. நான் லீவு போட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, பேனா மூன்று கொண்டுவந்திருந்தார். குடியுரிமை நீதிபதி ஒரு நரைத்த தலைப் பெண்மணி, அன்பானவர். மகளும் உள்ளே இருக்கலாம், ஆனால் வாய் திறக்கக்கூடாது என்று சொல்லி எனக்கு அப்பாவின் பின்னால் ஒரு கதிரை தந்தார். சுவரில் இங்கிலாந்து மகாராணியின் பெரிய படம்.

முதல் கேள்விகள் சுலபம். மாகாணங்கள், சமுத்திரங்கள், தலைநகரம். அப்பா ஒற்றை வரியில் சொல்லிக்கொண்டு போனார். எனக்கு மூச்சு வந்தது. கனடாவின் அரச தலைவர் யார் என்று அவர் கேட்டார். மகாராணி என்றார் அப்பா. சரியான பதில். அம்மையார் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குத் தாளைப் புரட்டினார். அந்தச் சின்ன இடைவெளிதான் எங்களுக்கு வினையாகியது.

இலங்கையில் வரலாறு படித்தவர்களுக்கு இது விளங்கும். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினால் பாதிப் புள்ளி. வேறொரு நாட்டோடு ஒப்பிட்டு, காரணமும் விளைவும் காட்டினால்தான் முழுப் புள்ளி. அப்பா அந்த முழுப் புள்ளிக்குப் போனார். இதற்கு மாறாகப் பிரான்சில், என்று தன்னுடைய புத்தக ஆங்கிலத்தில் தொடங்கினார். மக்கள் பட்டினி, திறைசேரி காலி, வரி கொடுக்காத பிரபுக்கள், இவை நீண்டகாலக் காரணங்கள். கோதுமை இல்லாமல் பாணுக்குத் தட்டுப்பாடு, அது உடனடிக் காரணம். விளைவு, மன்னனின் தலையை இயந்திரத்தில் வைத்து வெட்டினார்கள். வகுப்பில் வழக்கமாகச் செய்வதுபோல் வலது கையை உயர்த்தி மேலிருந்து கீழே இறக்கியும் காட்டினார். மேசையில் இருந்த பேனாக்கள் துள்ளின. அம்மையார் ஒருமுறை மகாராணியின் படத்தைப் பார்த்தார், பிறகு அப்பாவின் கையைப் பார்த்தார்.

அவர் கோபப்படவில்லை. மகாராணிக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்யவேண்டி வரும், அதில் உங்களுக்கு ஏதாவது ஆட்சேபனை உண்டா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்ற ஒரு சொல் போதும். எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அப்பா முகம் மலர, இது நல்ல கேள்வி என்றார். முடியாட்சியில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு, முதலில் நன்மைகளைப் பார்ப்போம் என்றார். நான் பின்னால் இருந்து இருமினேன். அம்மையார் என்னைப் பார்த்த பார்வையில் இருமலை விழுங்கிக்கொண்டேன். அப்பா நன்மைகளை முடித்துத் தீமைகளுக்குப் போனார். தீமைகளுக்கு அதிக நேரம் எடுத்தார். அது பிரெஞ்சு பேசுகிற கியூபெக் மாகாணம் பிரிந்து போகுமா போகாதா என்று நாடே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த காலம். பிரான்சு என்ற சொல்லை அப்படி ஓர் அறையில் எத்தனை தரம் சொல்லலாம் என்று ஒரு கணக்கு இருந்திருந்தால் அப்பா அதை எப்போதோ தாண்டியிருந்தார்.

கடைசியில் அம்மையார், உங்களுக்கு என்னைவிட வரலாறு தெரியும், ஆனால் சத்தியம் செய்ய நீங்கள் விரும்புகிறீர்களா என்பது எனக்குத் தெளிவாகவில்லை, யோசித்துவிட்டு இன்னொரு முறை வாருங்கள், திகதி தபாலில் வரும் என்றார். எழும்பி நின்று கை கொடுத்தார்.

காரில் ஏறியதும் அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்.

"நல்ல மனிசி. பொறுமையாக் கேட்டவ. எத்தினை புள்ளி போட்டிருப்பா எண்டு நினைக்கிறாய்?"

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. சாவியைப் போட்டுவிட்டு காரைக் கிளப்பாமலே இருந்தேன்.

"அப்பா, நீங்கள் பெயில்."

அவர் கண்ணாடியைப் போடாமலே என்னைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. "அண்ணையைப் பாக்கிற எண்ணம் உங்களுக்கு இருக்கோ? இருந்தால் அந்த மனிசிக்கு மண்டை வெட்டின கதை ஏன் சொன்னனீங்கள்?"

"கேட்டால் சொல்லத்தானே வேணும், பிள்ளை."

"அவ கேக்கவேயில்லை, அப்பா."

வீட்டுக்கு வந்த அப்பா கோட்டைக் கழற்றாமலே கட்டில் விளிம்பில் இருந்தார். அம்மா என்னிடம் விஷயம் கேட்டுவிட்டுப் போய்ச் சோற்றைச் சூடாக்கினார். அம்மா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று அவருக்கும் சேர்த்து நான் திட்டினேன், என் கணவர் கதவைச் சாத்தும் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு கதைத்தபோது அப்பா ரிசீவரைத் தொடவில்லை. நான்தான் சொன்னேன். அண்ணன் முதலில் சிரித்தார். மகாராணியின் படத்துக்கு முன்னாலோ என்று கேட்டுத் திரும்பவும் சிரித்தார். பிறகு அவருக்குப் பின்னால் யாரோ கோப்பைகளை அடுக்குகிற சத்தம் கேட்டது.

"பரவாயில்லை," என்றார். "அப்பாவைப் பேசாதை. நான் எங்கை போகப்போறன், இஞ்சைதானே இருக்கிறன்."

அதைக் கேட்டதும் எனக்கு அப்பாவின் மேல் இருந்த கோபம் இரட்டிப்பாகியது. அழுகையும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அலுமாரியைத் திறந்து டின்களை ஆங்கிலப் பக்கம் திருப்பினேன். இந்த முறை அவை அப்படியே இருந்தன. யாரும் தொடவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகு பயிற்சியை அம்மா எடுத்துக்கொண்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்காது, அதனால்தான் அது சரிவந்தது. நான் கேள்வி கேட்பேன், அப்பா பதில் சொல்வார், அம்மா கீரை ஆய்ந்துகொண்டு குந்தியிருப்பார். அப்பா ஒருமுறை மூச்சு எடுத்ததும் அம்மா, "முடிஞ்சுதோ?" என்பார். இன்னும் இல்லை என்று அப்பா சொன்னால், "முடிஞ்சுது," என்று தானே முடிவு சொல்லிவிடுவார். குளிர்காலம் முழுவதும் இப்படிப் போனது. மாகாணங்கள் முடிஞ்சுது, மகாராணி முடிஞ்சுது, வாக்குரிமை முடிஞ்சுது. அப்பா வகுப்பில் பின் வாங்கில் இருக்கிற பிள்ளையைப் போல ஆகிவிட்டார்.

இரண்டாம் முறை இருந்தவர் வேறொரு நீதிபதி. ஆண், சிரிப்பில்லாத முகம், அவசரம். அப்பா பேனா ஒன்றும் கொண்டுவரவில்லை. கேள்விகள் மளமளவென்று வந்தன, பதில்களும் அப்படியே போயின. மகாராணி என்றார், நிறுத்தினார். சத்தியம் செய்வீர்களா என்றதற்கு ஓம் என்றார், நிறுத்தினார். நான் மடியில் கையைக் கோத்துக்கொண்டிருந்தேன். முடிகிற நேரத்தில் அந்த மனிதர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கடைசியாக ஒன்று, கனடாவில் உள்ள பிரெஞ்சு மக்களைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்தக் கேள்விக்காகவே அப்பா பிறந்திருக்கிறார். கப்பல் வந்த கதை, ஆற்றோரத்தில் கட்டிய கோட்டை, மிருகத் தோல் வியாபாரம், புல்வெளியில் ஒரு காலையில் கியூபெக்கைத் தோற்ற சண்டை, அதற்கு நீண்டகாலக் காரணங்கள், உடனடிக் காரணங்கள், விளைவுகள். எல்லாம் அவருக்குள் இருந்தது. எனக்கு அடி முதல் நுனி வரை மனப்பாடம் என்றால் அவருக்கு எப்படி இருக்கும். கண்ணைத் திறந்து பார்த்தபோது அப்பாவின் வலது கை முழங்காலில் இருந்து கொஞ்சம் எழும்பியிருந்தது. இடது கையால் அதைப் பிடித்து மடியில் வைத்தார்.

"அவர்கள் பிரெஞ்சு பேசுவார்கள், ஐயா," என்றார் ஆங்கிலத்தில்.

நீதிபதி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். வேறொன்றும் இல்லையா என்று கேட்டார்.

"இல்லை, ஐயா."

சரி என்று அந்த மனிதர் கையெழுத்துப் போட்டார். எத்தனையோ வருடமாக அந்த வாயை மூடவைக்க நான் படாத பாடு இல்லை. மூடியபோது எனக்குத் தாங்க முடியவில்லை. கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது 401இல் வேகப் பலகைகள் ஒவ்வொன்றாக வந்து போயின. ஒரு கேள்வியும் வரவில்லை.

சத்தியப் பிரமாண நாளில் அப்பா கொஞ்சம் தெளிந்திருந்தார். சத்தியத்தை முதலில் ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார்கள், பிறகு பிரெஞ்சில். பிரெஞ்சு வந்ததும் மண்டபத்தில் இருந்த எங்கள் ஆட்கள், சீனர்கள், போலந்துக்காரர் எல்லோரும் வாயை அசைத்து ஏதோ முணுமுணுத்தார்கள். அப்பா ஒருவர்தான் யாழ்ப்பாணத்து உச்சரிப்பில் அதிபரின் அறை வரைக்கும் கேட்கிற சத்தத்தில் சொன்னார். முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. பழைய எரிச்சல் திரும்பி வந்ததில் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

பாஸ்போர்ட் வந்ததும் அந்தக் கோடையிலேயே ரிக்கெற் போட்டோம். மூன்று கிழமை, இருபத்தொரு நாள். போவதற்கு முன் அப்பா நூலகத்தில் பாரிஸ் வரைபடம் ஒன்றை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் விரித்துவிட்டார். நாங்கள் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். முதல் நாள் பாஸ்டில், இரண்டாம் நாள் மன்னனின் சதுக்கம், பிறகு ரயிலில் வெர்சாய் அரண்மனை என்று பென்சிலால் வழி போட்டார். அம்மா மிளகாய்த் தூள் வறுத்தார், பருத்தித்துறை வடை சுட்டார், ஒரு பெனியன் பக்கற்றும் வாங்கி வைத்தார். என் கணவர் தன்னுடைய கமராவைக் கொடுத்தார், சமாதானத்துக்கு. அப்பா அதை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் திரும்பிப் பார்க்காமல் போனார்.

மூன்று கிழமையும் வீடு அமைதி. லிஃப்டில் நிம்மதியாக ஏறி இறங்கினேன். திரும்பி வந்தபிறகு இனி எத்தனை வருடத்துக்கு வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தைக் கேட்கவேண்டி வருமோ என்று நானும் கணவரும் சொல்லிச் சிரித்தோம். கேட்கத் தயாராகத்தான் இருந்தோம்.

விமான நிலையத்தில் அப்பா வெளியே வந்தபோது கொஞ்சம் மெலிந்திருந்தார். கமரா பைக்குள் இருந்தது. அம்மாவும் அவரும் பின் சீற்றில் ஏறினார்கள். 401இல் ஏறும் மட்டும் பொறுத்தேன். பிறகு பாஸ்டில் எப்படி என்று கேட்டேன். போகவில்லை என்றார். மன்னனின் சதுக்கம்? இல்லை. வெர்சாய்? தலையை ஆட்டினார். அந்தப் பெரிய இரும்புக் கோபுரமாவது என்றேன். பஸ்ஸில் போகும்போது நுனி தெரிந்தது என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இத்தனை வருடம் எங்கள் உயிரை எடுத்த பிரான்சு, காளான் பாயசம், மண்டை வெட்டின கதை, அம்மாவின் கீரைக்கட்டு, இரண்டு நீதிபதிகள், எல்லாம் எதற்கு?

"பிறகு மூண்டு கிழமையும் என்னப்பா செய்தனீங்கள்?"

காரின் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடியப் போனால் சாமத்திலைதான் வருவான். கிழமைக்கு ஒரு நாள் லீவு. முதல் லீவன்று, வாங்கோ அப்பா, பாஸ்டில் காட்டுறன் எண்டு வெளிக்கிட்டவன். சப்பாத்துப் போடக் கட்டிலிலை இருந்தான். ஒரு சப்பாத்தைப் போட்டவன், மற்றதைக் கையிலை வைச்சபடியே சரிஞ்சு நித்திரையாப் போனான். எழுப்ப மனம் வரேல்லை."

"மற்ற லீவு நாளுகள்?"

"அதுவும் நித்திரைதான். நான் பக்கத்திலை கதிரையைப் போட்டுக்கொண்டு பாத்துக்கொண்டு இருந்தன்."

ஒரு வேகப் பலகை வந்து போனது. அம்மா மடியில் இருந்த அப்பாவின் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இப்பவும் காலை மடக்கிக் குறண்டிக்கொண்டோ படுக்கிறவன்?" என்று கேட்டார்.

"ஓம்," என்றார் அப்பா. "சுவர்ப் பக்கம் திரும்பி."

அது போதும் என்பதுபோல அம்மா கைப்பையை விட்டுவிட்டுச் சீற்றில் சாய்ந்தார்.